கால் நம்முடையது, விசில் யாருடையது?

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்தியக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராகக் காலித் ஜமீல் அறிவிக்கப்பட்டார். 2012க்குப் பிறகு அந்த நாற்காலியில் ஓர் இந்தியர் உட்காருவது அதுதான் முதல் முறை. அதே ஆண்டில் சென்னையின் எஃப்சியும் கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மிராண்டாவிடம் அணியை ஒப்படைத்தது. 2014இல் தொடங்கியதிலிருந்து இத்தாலி, இங்கிலாந்து, ஜெர்மனி என்று தலைமைப் பயிற்சியாளரைத் தேடிய கிளப் அது. ஜமீல், மிராண்டா இருவருமே ஆடிய காலத்தில் மிட்ஃபீல்டர்கள்.

"கடைசியில் நம்மாளு வந்துட்டாரு" என்று பல குழுக்களில் பகிர்ந்தார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். இருவரும் தகுதியால் வந்தவர்கள், யார் தயவிலும் வந்தவர்கள் அல்ல. ஆனால் அந்த "நம்" என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறோம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து, ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில் நடுக்களத்தில் ஆடும் காலனிப் பையனுக்கு முப்பது வயது ஆகும்போது, அவன் கையில் விசிலைக் கொடுக்க இந்த நாட்டில் யாராவது இருக்கிறார்களா? இல்லை என்பதுதான் என் பதில். அது தற்செயல் அல்ல, சாதி வேலை செய்யும் முறை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கதவும் காலமும்

முதலில் காலித் ஜமீலின் பாதையைப் பார்ப்போம். 1977இல் குவைத்தில் பிறந்தவர். மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, கடைசியாக மும்பை எஃப்சி என்று ஆடியவர். இந்திய அணிக்கும் ஆடினார். காயங்கள் அவரை விடவில்லை. 2009இல் ஆட்டத்தை நிறுத்தினார். அவர் இருந்த அதே மும்பை எஃப்சி, அதே ஆண்டில் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. சின்ன பட்ஜெட் கிளப். பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. ஆனாலும் 2016 வரை அவர் அங்கே இருந்தார்.

அங்கிருந்து வெளியேற நேர்ந்த பிறகு மிசோரமின் ஐஸ்வால் எஃப்சிக்குப் போனார். முந்தைய சீசனில் கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டு, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்ட அணி அது. 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங் லஜோங்குடன் 1-1 என்று டிரா செய்து ஐ-லீக் சாம்பியன் ஆனது. வடகிழக்கிலிருந்து ஒரு கிளப் தேசிய லீக் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகும் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், நார்த்ஈஸ்ட் யுனைடெட், ஜாம்ஷெட்பூர் என்று சுற்றித்தான் தேசிய அணிக்கு வந்தார்.

இந்தக் கதையை "உழைத்தால் உயரலாம்" என்று வாசிப்பது எளிது. அப்படி வாசித்தால் பாதிதான் தெரியும். மீதிப் பாதி என்ன? ஆட்டம் முடிந்த அன்றே திறந்திருந்த ஒரு கதவு. கோப்பை வராத ஏழு ஆண்டுகள் தோற்கவும் கற்கவும் கிடைத்த காலம். ஒரு பயிற்சியாளர் உருவாக இந்த இரண்டும் வேண்டும். திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது. கதவும் காலமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு முதல் தோல்வியே கடைசித் தோல்வி. "கோட்டாவுல வந்தவன், இவ்வளவுதான்" என்ற தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது.

நடுவில் யாரை நிறுத்துகிறார்கள்?

மிட்ஃபீல்டர்கள் ஏன் இத்தனை பேர் கோச் ஆகிறார்கள்? களத்தின் நடுவில் நிற்பவருக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்டம் நடக்கிறது. பந்து வருமுன்பே யார் எங்கே இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும், மற்றவர்களிடம் பேச வேண்டும், எப்போது வேகம், எப்போது நிதானம் என்று முடிவெடுக்க வேண்டும். பத்து ஆண்டு இதைச் செய்தவருக்குப் பயிற்சியாளர் வேலையில் பாதி ஏற்கெனவே பழகியிருக்கும்.

சமூகவியல் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தது. 1963இல் ஆஸ்கர் கிரஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் பேஸ்பால் மேலாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தார். மற்ற ஆட்டக்காரர்களோடு அதிகம் பேசி, சேர்ந்து இயங்க வேண்டிய இடங்களில் ஆடியவர்களே பெரும்பாலும் மேலாளர் ஆகியிருந்தார்கள். 1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் இருவரும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: அந்த மைய இடங்களில் யாரை நிறுத்துகிறார்கள்? வெள்ளையர்கள் மையத்திலும் கறுப்பினத்தவர் ஓரத்திலும் குவிந்திருந்தார்கள். 1988இல் ஜோ மெக்வயர் இங்கிலாந்துக் கால்பந்தைப் பார்த்தபோதும் அதே படம்தான்: கறுப்பின வீரர்கள் முன்வரிசையில் அதிகம், மிட்ஃபீல்டில் குறைவு. வேகம் உனக்கு, யோசனை எனக்கு. இந்தப் பாகுபாடு பதினெட்டு வயதில் ஓர் இடத்தை மறுக்கிறது. முப்பத்தைந்து வயதில் அதுவே ஒரு வேலையை மறுக்கிறது.

அந்தச் சுவரைத் தாண்டி நடுவில் ஆடியவர் பால் இன்ஸ். 1993இல் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பின வீரர். பயிற்சியாளராகி எம்கே டான்ஸ் அணிக்கு 2007-08இல் ஒரே சீசனில் இரண்டு பட்டங்கள் வாங்கிக்கொடுத்தார். 2008இல் பிளாக்பர்ன் அவரை அழைத்தது. பிரீமியர் லீகில் ஓர் அணியை நடத்திய முதல் கறுப்பின ஆங்கிலேயர் ஆனார். ஆறே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். ஜமீலுக்குக் கிடைத்த ஏழு ஆண்டுகளை இந்த ஆறு மாதத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2022இல் இங்கிலாந்தின் கறுப்பினக் கால்பந்தாட்டக்காரர்கள் கூட்டமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. பிரீமியர் லீக் வீரர்களில் 43 சதவீதம் கறுப்பினத்தவர். முன்னாள் வீரர்கள் வழக்கமாகப் போகும் மேலாளர் நிலைப் பணிகளில் அவர்கள் 4.4 சதவீதம். அங்கே ஆதிக்கம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இங்கே கால்பந்து நிர்வாகத்தின் எந்தப் படிவத்தில் சாதிக் கணக்கு வருகிறது? "விளையாட்டில் சாதி இல்லை" என்பவர்களுக்கு மிகவும் வசதியான விஷயம் இந்த எண்ணாமைதான்.

இது நமக்குப் புதிதல்ல

பல்வாங்கர் பாலுவைத் தெரிந்துகொள்ளுங்கள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். புனேயில் அவர் பந்துவீச்சு வேண்டும் என்று அழைத்தவர்களே, தேநீர் இடைவேளையில் அவரைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்தி, தூக்கியெறியும் மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. பாலுவின் விரல்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அவருடைய உத்தரவு தேவைப்படவில்லை.

நம் மண்ணில் சாந்தி சௌந்தரராஜன் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். 2012இல் அவர் அதே செங்கல் சூளையில் கூலிக்கு நின்றார். பிறகு தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம் முடித்தார். தமிழ்நாடு அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை 2016இல்தான் வந்தது. தோஹாவிலிருந்து விசில் வரை பத்து ஆண்டுகள். அதுவும் நாடே அறிந்த ஒரு பெயருக்கு.

1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் பாபாசாகேப், சாதி வேலைகளைப் பங்கிடுவதோடு நிற்காமல் வேலை செய்யும் மனிதர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்குகிறது என்று விளக்கினார். விளையாட்டும் அந்த அடுக்கில்தான் கட்டப்பட்டிருக்கிறது. கீழே ஓடுபவன், மேலே ஓடச்சொல்பவன்.

வியாசர்பாடியின் நடுக்களம்

வியாசர்பாடியைக் "குட்டி பிரேசில்" என்று எழுதாத பத்திரிகை இல்லை. முல்லை நகர் மைதானத்தில் அந்தப் பகுதி இளைஞர்களே பயிற்சி மையம் தொடங்கி, பிள்ளைகளுக்குப் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பகுதியிலிருந்துதான் நந்தகுமார் சேகர் இந்திய அணி வரை போனார். தனபால் கணேஷும் அங்கிருந்து வந்தவர்தான்.

கணேஷ் ஒரு மிட்ஃபீல்டர், அதுவும் தற்காப்புக்கு முன்னால் நின்று ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிட்ஃபீல்டர். 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம், கோவாவுக்கு எதிரான ஐஎஸ்எல் அரையிறுதி. சென்னை 3-0 என்று ஜெயித்தது. அதில் ஒரு கோல் கணேஷுடையது. நான்கு நாள் கழித்து பெங்களூருவை 3-2 என்று வென்று கோப்பையும் வந்தது. அப்போது அவருக்கு வயது 23. அடுத்த சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் காயம் வந்து நீண்ட காலம் களத்துக்கு வெளியே நிறுத்தியது.

ஒரு மிட்ஃபீல்டரின் முழங்கால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஜமீலையும் காயங்கள் விடவில்லை. கேள்வி, முழங்கால் போனபிறகு அந்தத் தலைக்குள் இருக்கும் ஆட்ட அறிவை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான். ஒரு காலத்தில் சென்னைக் கால்பந்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், வருமான வரித் துறை என்று அணிகள் வைத்திருந்தார்கள். ஆட்டக்காரருக்கு வேலை. ஆட்டம் முடிந்தால் மேசை. சிலருக்குப் பயிற்சியாளர் பொறுப்பு. இந்தியாவுக்கு ஆடிய சபீர் பாஷா இந்தியன் வங்கியிலிருந்து வந்த பயிற்சியாளர்தான். சென்னையின் எஃப்சியில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2022இல் வெளிநாட்டுப் பயிற்சியாளரை நீக்கியபோது இடைக்காலமாக அணியைப் பார்த்துக்கொண்டார். அடுத்த சீசனுக்கு மறுபடி வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தார். நீண்ட நாள் பழகிய, உள்ளூர் ஆட்டக்காரர்களின் மொழி தெரிந்த ஒருவருக்கே இடைக்காலம்தான் எல்லை. வங்கியும் ரயில்வேயும் ஆள் எடுப்பதைச் சுருக்கிவிட்ட காலத்தில், காலனியிலிருந்து வருபவருக்கு அந்த மேசையும் இல்லை.

ரயில் பாதையில் வடக்கே

வியாசர்பாடியிலிருந்து மின்சார ரயிலில் வடக்கே வாருங்கள். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கடைசியில் கும்மிடிப்பூண்டி. நான் வேலை செய்யும் பகுதி இது. 2011 கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி ஆலைகள், ஓயாத லாரிகள். பத்தாவதோ ஐடிஐயோ முடித்த பையன் ஒப்பந்தக்காரர் மூலம் உள்ளே போகிறான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இங்கே புதுமை அல்ல. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

இந்தப் பையன் பயிற்சியாளர் ஆக என்ன செய்ய வேண்டும்? அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் லைசென்ஸ் ஏணி இருக்கிறது. கீழ்ப்படியில் தொடங்கி டி, சி, பி, ஏ, அதற்கு மேல் ப்ரோ. ஒவ்வொரு படிக்கும் கட்டணம், பல நாள் முகாம், இடையில் ஓர் அணியோடு வேலை செய்த அனுபவம். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கட்டணத்தை வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடலாம். முகாம் நாட்களின் கூலி போகும். திரும்பி வரும்போது ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டிருப்பார். தகுதிச் சான்றிதழ் என்ற பெயரில் இங்கே சோதிக்கப்படுவது, கூலி இல்லாமல் எத்தனை நாள் உன் வீட்டு அடுப்பு எரியும் என்பதுதான்.

இனி மைதானம். தேர்வாய் கண்டிகையில் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிராமத்தின் மேய்ச்சல் நிலமும் காடுமாக ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போனது. மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். டயர் தொழிற்சாலை வந்தது. பொது நிலம் போனால் மாடு மேயும் இடம் மட்டும் போவதில்லை, பிள்ளைகள் ஓடும் இடமும் போகிறது. மிச்சமிருப்பது பள்ளி வளாகம். அதுவும் யாருடையது? கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் அமிர்தம் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகி, ஆட்சியர் நேரில் வந்த பிறகுதான் ஏற்றினார். ஊராட்சித் தலைவருக்கே கொடிக்கம்பம் மறுக்கப்படும் இடத்தில், காலனிப் பையன் விசிலோடு போய் ஊர்ப் பிள்ளைகளை "வரிசையா நில்லு" என்று சொல்வதை எத்தனை பேர் பொறுத்துக்கொள்வார்கள்? ஓடுகிறவன் தலித் என்றால் கைதட்டுவார்கள். ஓடச்சொல்கிறவன் தலித் என்றால்தான் சாதிக்கு எரியும்.

சில பதில்கள்

"பயிற்சியாளர் வேலையில் என்ன பெரிய சம்பளம்?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். சம்பளம் மட்டும் பேச்சல்ல. எந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்துவது, யாரை உட்கார வைப்பது, மாவட்ட அணித் தேர்வுக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுப்பவர் பயிற்சியாளர். "இவனுக்கு நல்ல ஓட்டம், விங்குல போடு" என்பதோடு நின்றுவிடாமல் "இவனுக்கு ஆட்டம் புரியுது, நடுவுல நிறுத்து" என்று சொல்லும் ஒருவர் அங்கே இருந்தால் அடுத்த தலைமுறையே மாறும்.

"விளையாட்டிலும் இட ஒதுக்கீடா?" என்று கேட்பவர்களுக்கு: பதினோரு பேரில் இடம் கேட்கவில்லை. அதை நம் கால்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டன. படிக்கும் வாய்ப்பிலும் அரசு வேலையிலும் சட்டப்படி உள்ள பங்கைக் கேட்கிறோம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். பயிற்சியாளர்களைத் தொகுப்பூதியத்திலும் அவுட்சோர்சிங்கிலும் எடுத்தால் இந்தக் கணக்கு பேச்சிலேயே வராது. ஒப்பந்த முறை சமூகநீதியின் பின்வாசலைப் பூட்டும் பூட்டு. ஆலைக்குள் அதைப் பார்த்துவிட்டோம், மைதானத்திலும் பார்க்கிறோம்.

அரசு வேலை என்ன செய்யும் என்பதற்குக் கடலூரின் இந்துமதி கதிரேசன் சாட்சி. இந்திய மகளிர் அணிக்கு ஆடிய மிட்ஃபீல்டர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். காயமோ வயதோ வந்தால் அவர் தெருவில் நிற்க வேண்டியதில்லை. ஒரு பெண் நடுக்களத்தில் பயமின்றி ஆடுவதற்கு அந்த நிரந்தரச் சம்பளமும் ஒரு காரணம்.

என்ன கேட்க வேண்டும்

ஒன்று. தாட்கோ ஓட்டுநர் பயிற்சியும் தையல் பயிற்சியும் தருகிறது. பயிற்சியாளர் லைசென்ஸையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கட்டணத்தோடு, முகாம் நாட்களுக்கான கூலி இழப்பீட்டையும் தர வேண்டும். வகுப்பு தமிழில் நடக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்குத் தனிச் சட்டம் 2024இல் வந்துவிட்டது. நிதி இல்லை என்ற பேச்சு இனி எடுபடாது.

இரண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கி நிரந்தரப் பயிற்சியாளர் பணியிடங்களை உருவாக்க வேண்டும்.

மூன்று. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. கவனியுங்கள், அது சொல்வது பயிற்சி. லோகோ போட்ட ஜெர்சியும் ஒருநாள் டோர்னமெண்டும் பயிற்சி ஆகாது. சிப்காட் நிறுவனங்கள் தங்கள் புகை போகும் காலனிகளிலிருந்தே பயிற்சியாளர்களை எடுத்து ஆண்டுச் சம்பளம் கொடுக்கட்டும்.

நான்கு. எண்ணுங்கள். மாவட்ட வாரியாக, சாதி வாரியாக, எத்தனை பயிற்சியாளர்கள் என்று அரசும் கால்பந்துச் சங்கமும் வெளியிட வேண்டும்.

அவர்கள் எண்ணும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பத்து ரூபாய் கட்டணத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் அரசு நியமித்த கால்பந்துப் பயிற்சியாளர்கள் எத்தனை பேர், நிரந்தரம் எத்தனை, தொகுப்பூதியம் எத்தனை, இனச்சுழற்சிப் பட்டியல் பின்பற்றப்பட்டதா? நான்கே கேள்விகள். கூடவே உங்கள் காலனியில் ஆட்டத்தை விட்டுவிட்ட அண்ணன்கள், அக்காக்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த இடத்தில் ஆடினார்கள், எந்த வயதில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள், இப்போது என்ன வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் அம்பேத்கர் நினைவுக் கோப்பை நடத்துகிறோம். அடுத்த முறை கோப்பைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்த நோட்டிலிருந்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் முதல் படி லைசென்ஸுக்கு அனுப்புங்கள். மனுவுக்குப் பதில் வர முப்பது நாள் ஆகும். நோட்டை இன்று மாலையே தொடங்கலாம்.